புதுப் பியானோவில் தளரும் முறுக்காணிகள்

புதிதாக வாங்கிய பியானோவுக்கு ட்யூனர் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. நடுப்பகுதியில் ஓரிரு ஸ்வரங்கள் கோணலாக ஒலிக்கத் தொடங்கும். மறுபடி கூப்பிட்டால் வந்து சரிசெய்வார். அடுத்த இரண்டு வாரத்தில் அதே ஸ்வரங்கள் திரும்பவும் இறங்கியிருக்கும். "புதுசு அப்படித்தான் இருக்கும், தந்தி படியணும்" என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் தந்திகளைத் தாங்கும் ஆணிகளே மரத்தில் பிடிமானம் இல்லாமல் இருந்தால், எத்தனை மாதம் காத்திருந்தாலும் எதுவும் படியாது. வாரண்டிக் காலம்தான் கழியும். அதனால் இரண்டையும் பிரித்து அறிவது முக்கியம்.

அப்ரைட் பியானோவின் மேல்மூடியைத் திறந்து பார்த்தால் வரிசை வரிசையாக எஃகு ஆணிகள் தெரியும். அவைதான் முறுக்காணிகள். 88 கீகளுக்கு ஏறக்குறைய 220 முதல் 230 தந்திகள் இருக்கும். மேல் ஸ்தாயியிலும் நடுவிலும் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று தந்தி, அதற்குக் கீழே இரண்டு, அடி மந்திரத்தில் ஒன்று. ஒவ்வொரு தந்தியின் ஒரு முனையும் ஓர் ஆணியில் சுற்றியிருக்கும். ஆணியின் குறுக்களவு சுமார் 7 மில்லிமீட்டர், நீளம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உடலில் மிக நுண்ணிய மறை வெட்டியிருக்கும். ஆனால் அது திருகாணிபோல் மரத்தைக் கவ்வி நிற்பதில்லை. வீணையின் பிருடையைப் போலவே முழுக்க முழுக்க உராய்வால்தான் நிற்கிறது. வித்தியாசம் சுமையில் இருக்கிறது. பியானோவின் ஒவ்வொரு தந்தியும் சராசரியாக 70 முதல் 80 கிலோ வரை இழுக்கிறது. எல்லாம் சேர்ந்தால் 15 முதல் 18 டன் வரை ஆகும்.

அந்த மொத்தச் சுமையையும் வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கிக்கொள்கிறது. ஆனால் ஆணி சுழன்றுவிடாமல் பிடிப்பது இரும்பின் வேலை அல்ல. சட்டத்துக்குப் பின்னால் அல்லது அடியில் மறைந்திருக்கும் ஒரு கனமான பலகையின் வேலை அது. பின்பிளாக் என்பார்கள். நல்ல பின்பிளாக்கை மேப்பிள் அல்லது பீச் போன்ற கடின மரத்தின் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, இழைத் திசையை மாற்றி மாற்றி ஒட்டிச் செய்கிறார்கள். மரம் தன் இழையின் வெட்டுமுனையில்தான் ஆணியை வலுவாகப் பிடிக்கும். திசை மாற்றி ஒட்டும்போது ஆணியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அப்படிப்பட்ட முனைகள் கிடைக்கின்றன. இதற்கென்றே ஜெர்மனியில் டெலிக்னிட் என்ற பெயரில் பீச் பலகை தயாராகிறது. ஸ்டைன்வே நிறுவனம் மேப்பிள் படலங்களைக் கோணம் மாற்றி அடுக்கித் தனக்கென ஒரு பின்பிளாக்கையே வடிவமைத்துக்கொண்டது. பியானோவைத் தலைமுறை தாண்டி நிற்க வைப்பதில், தந்தியின் ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டுக்கு அடுத்த இடம் இந்தப் பலகைக்குத்தான் என்பேன். ஆனால் விற்பனையாளர் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பளபளப்பையும் பெஞ்சையும் காட்டுகிற நேரத்தில் பின்பிளாக் எந்த மரம் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆணி எவ்வளவு பிடிமானத்தோடு இருக்க வேண்டும் என்று ஒரு சிறு கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம். 75 கிலோ இழுவிசை, மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் ஆரத்தில், ஆணியை எந்நேரமும் பின்னால் திருப்பப் பார்க்கிறது. அது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று நியூட்டன் மீட்டர் முறுக்கு. மரத்தின் பிடி இதைவிடப் பல மடங்கு இருந்தால்தான், சுத்தியல் அடியும் பருவ மாற்றமும் வந்து போகும்போதும் ஆணி அசையாமல் நிற்கும். நன்றாகச் செய்த புதுப் பியானோவில் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தால் 9 முதல் 17 நியூட்டன் மீட்டர் வரை காட்டும். ட்யூனர்கள் பழகிய கணக்கில் அது 80 முதல் 150 அங்குல-பவுண்டு. 50 அங்குல-பவுண்டு அளவில் இருந்தால் கைதேர்ந்தவர் சமாளித்து நிறுத்துவார். 35, 40க்குக் கீழே போனால் யார் சேர்த்தாலும் சுருதி நிற்காது. ஐம்பது ஆண்டு உழைத்த பியானோவில் 50 என்று காட்டினால் வயதின் தேய்மானம் என்று ஏற்கலாம். பெட்டி பிரித்த ஆண்டிலேயே அப்படிக் காட்டினால் அது தயாரிப்புக் குறை.

சறுக்கல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் காதுக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நடுத்தந்தியில் ஆணி வெறும் அரை டிகிரி பின்னால் திரும்பினாலே அரைஸ்வரத்தின் பத்தில் ஒரு பங்கு சுருதி இறங்கிவிடும். பக்கத்துத் தந்திகள் இரண்டும் இடத்தில் நிற்க, இது மட்டும் இறங்கினால் ஒலி அலையடிக்கும். கண்ணுக்கு ஆணி துளியும் நகர்ந்ததாகத் தெரியாது.

புதுப் பியானோவில் இது ஏன் நேர்கிறது? பின்பிளாக்கில் துளையிடும் வேலைதான் முதல் சந்தேகம். துளை ஆணியைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு சிறியதாக இருக்க வேண்டும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் முழுப் பிடியும் அடங்கியிருக்கிறது. துரப்பணத்தின் அலகு மழுங்கியிருந்தாலோ வேகம் தவறினாலோ சூடேறித் துளையின் உள்சுவர் கருகிப் பளிங்குபோல் வழவழப்பாகிவிடும். அதில் அடித்த ஆணி வழுக்கும், அல்லது திருப்பும்போது வெட்டி வெட்டித் துள்ளும். அலகு ஆடினால் துளை பெரிதாகும், வட்டமும் கெடும். 220 துளைகளையும் ஒரே சீராகப் போட அலகை அடிக்கடி மாற்ற வேண்டும், வேகத்தைக் கவனிக்க வேண்டும். விலையைக் குறைப்பதே குறியான தொழிற்சாலையில் முதலில் விட்டுப்போவது இந்தக் கவனம்தான்.

மரம் இன்னொரு காரணம். மென்மையான மரம், பசை சரியாகப் பரவாத படலங்கள், உள்ளே இடைவெளி விட்ட ஒட்டுப்பலகை ஆகியவற்றில் ஆணி தொடக்கத்தில் இறுக்கமாகத் தெரிந்து பிறகு விடும். சரியாகப் பதப்படுத்தி உலர்த்தாத மரம் இதைவிட மோசம். ஈரப்பதமான ஊரில் ஈரம் போகாத மரத்தில் செய்த பியானோ, டொராண்டோவில் குளிர்காலத்துக்குச் சூடேற்றிய வீட்டுக்குள் வந்து சேர்கிறது என்று வையுங்கள். அங்கே காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். மரம் சுருங்கும், படலங்கள் பிரியும், துளைகள் தளரும். முதல் குளிர்காலம் முடிவதற்குள் குறை வெளியே வந்துவிடும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் நிலைமை தலைகீழ். மரம் எந்நேரமும் ஈரத்தில் ஊதியிருப்பதால் தளர்ந்த ஆணியும் பிடித்திருப்பதுபோல் காட்டும். ஏ.சி. தொடர்ந்து ஓடும் அறைக்கு மாற்றிய பிறகோ, உள்நாட்டு வறண்ட ஊருக்குக் கொண்டுபோன பிறகோ உண்மை தெரியும். ஆகவே வாரண்டி முடியுமுன் ஆண்டின் மிக வறண்ட மாதத்தில் ஒரு முறை ஆணிகளைச் சோதித்துவிடுவது நல்லது.

ஆணியைப் பழிப்பதற்கு முன் மற்ற சந்தேகங்களைத் தள்ளிவிட வேண்டும். புதுத் தந்தி நீளும். முதல் ஆண்டில் மூன்று, நான்கு முறை சுருதி சேர்ப்பது இயல்பு. ஆனால் அந்த இறக்கம் பியானோ முழுவதும் ஏறக்குறைய சீராக வரும். பருவம் மாறினால் சவுண்ட்போர்டு ஊதியும் சுருங்கியும் ஒரு பகுதி முழுவதையும் ஏற்றும் அல்லது இறக்கும். ஆணி தளர்ந்தால் அப்படி இருக்காது. ஒரு ஸ்வரத்தின் மூன்று தந்தியில் ஒன்று மட்டும், அல்லது இங்கொன்றும் அங்கொன்றுமாக, அதே ஆணிகள் திரும்பத் திரும்ப ஏமாற்றும். தளர்ந்த ஆணியால் சுருதி இறங்க மட்டுமே முடியும். ஏறியிருந்தால் காரணம் வேறு. சுருதி சேர்த்தவரின் கையும் காரணமாகலாம். ஆணியைத் திருப்பும்போது அதன் தலை முறுகி, அடி நகராமல் நின்றுவிடும். அந்த முறுக்கைத் தளர்த்தி ஆணியை நிலைநிறுத்தத் தெரியாதவர் சேர்த்த சுருதி, மரம் எவ்வளவு நல்லதானாலும் நிற்காது. இதனால்தான், சந்தேகம் வந்ததும் கடைக்குச் சம்பந்தமில்லாத இரண்டாவது ட்யூனர் ஒருவரைக் கூப்பிடச் சொல்கிறேன்.

அவரிடம் வாயால் "லூஸாக இருக்கிறது" என்று கேட்டுக்கொள்வதோடு விடாதீர்கள். டார்க் ரெஞ்ச் வைத்து, குறைந்தது ஒவ்வொரு பகுதியிலும் சில ஆணிகளை அளந்து, எந்த ஸ்வரத்தின் எந்தத் தந்தி, எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்றும் திசையில் மட்டும் அளந்தால் தந்தியின் இழுப்பும் அளவில் சேர்ந்துவிடும். இரு திசையிலும் அளப்பவர் வேலை தெரிந்தவர். அளவுகள் எல்லாம் குறைவாக இருந்தால் மரம் அல்லது துளையளவு பிழை. ஒன்று 140, பக்கத்தில் 40 என்று தாறுமாறாக இருந்தால் துரப்பண வேலை பிழை. ஒரே கோட்டில் அடுத்தடுத்த ஆணிகள் தளர்ந்திருந்தால் பின்பிளாக்கில் விரிசல் ஓடுகிறது என்று பயப்பட வேண்டும். அப்ரைட்டில் மேல்மூடியைத் தூக்கி, பின்பிளாக்கும் பின்சட்டமும் சேரும் கோட்டில் இடைவெளி தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிராண்ட் பியானோவில் இன்னொரு விஷயம் உண்டு. பின்பிளாக் இரும்புச் சட்டத்தின் விளிம்போடு இடைவெளியின்றிப் பொருந்தி நிற்க வேண்டும். பொருந்தாவிட்டால் ஆணிகள் இறுக்கமாக இருந்தும் பலகையே மெல்ல நகர்ந்து சுருதியைக் கெடுக்கும். அதை ஆணியில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

ஆணி தளர்வு என்று உறுதியானதும் பலரும் நேரே பழுதுபார்ப்பில் இறங்குவார்கள். புதுப் பியானோவைப் பொறுத்தவரை இதுதான் நான் கண்டிப்பாகத் தடுக்க விரும்பும் தவறு. ஒரு துளிப் பசை உள்ளே போனதும், "நீங்கள் கைவைத்துவிட்டீர்கள்" என்று சொல்லக் கடைக்கு வழி கிடைத்துவிடும். பல நிறுவனங்கள் 5, 10, 12 ஆண்டு என்று வாரண்டி தருகின்றன. ஆனால் சுருதி சேர்ப்பதும் ஈரப்பதத்தால் வரும் சேதமும் அதில் அடங்காது என்று சிறிய எழுத்தில் இருக்கும். "உங்கள் அறை வறண்டது" என்பதே அவர்களின் முதல் பதிலாக வரும். அதனால் பியானோ வந்த நாளிலிருந்தே அருகில் ஒரு ஈரப்பதமானி வைத்து வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தது என்று எழுதிக் காட்ட முடிந்தால் அந்தப் பதில் நிற்காது. அளவுத் தாள், ஈரப்பதக் குறிப்பு, ஒவ்வொரு முறை சுருதி சேர்த்த ரசீது ஆகியவற்றோடு கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசிப் பேச்சு சாட்சியாகாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடுள்ள பொருளுக்கு நிவாரணம் தருகிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். முதல் 30 நாளில் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கவும் முடியும். அங்கே வாங்கியவர்கள் அந்த ஒரு மாதத்தை வீணாக்கக்கூடாது.

எதை ஏற்பது, எதை மறுப்பது? பியானோ முழுவதிலும் நாலைந்து ஆணிகள் மட்டும் தளர்ந்திருந்தால் பழுதுபார்த்துத் தரச் சம்மதிக்கலாம். செய்த வேலைக்குத் தனி வாரண்டியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பகுதி முழுவதும் தளர்ந்திருந்தால் பழுதுபார்ப்பை ஏற்காதீர்கள், பியானோவை மாற்றித் தரக் கேளுங்கள். பின்பிளாக்கில் விரிசல் என்றால் பேச்சே வேண்டாம்.

பழுதுபார்க்கும் வழிகள் என்னென்ன என்பது தெரிந்திருந்தால், வருபவர் என்ன செய்கிறார் என்று கவனிக்க முடியும். மிக எளியது, ஆணியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தட்டி இறக்குவது. அடியில் இன்னும் ஆணி தொடாத மரம் இருந்தால் அது பிடிக்கும். தந்திச் சுருள் இரும்புச் சட்டத்தில் முட்டாத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். கிராண்டில் இதைச் செய்யும்போது பின்பிளாக்கின் அடியில் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுக்காமல் சுத்தியலைத் தூக்கினால் அவரை அங்கேயே நிறுத்துங்கள். முட்டில்லாத பலகை அந்த அடியில் பிளந்துவிடக்கூடும்.

அடுத்தது பசை. சயனோஅக்ரிலேட், அதாவது நாம் கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்கும் இனத்துப் பசை. ட்யூனர்கள் பயன்படுத்துவது அதிலேயே தண்ணீர்போல் ஓடும் மெல்லிய வகை. ஆணி மரத்துக்குள் நுழையும் இடத்தில் நுண்குழாய் முனையால் சில துளிகள் விட்டால் அது தானே இறங்கி ஆணிக்கும் துளைச் சுவருக்கும் இடையே ஊறும். மரம் உறிஞ்சுவது நிற்கும்வரை விட்டுவிட்டு ஊற்றுவார்கள். அப்ரைட்டை முதுகில் படுக்க வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். கிராண்டில் கீகளும் சுத்தியல் தொகுதியும் வெளியே எடுத்த பிறகே பசைக் குப்பி உள்ளே வரலாம், வழிந்தால் கீழே உள்ளதெல்லாம் ஒட்டிப்போகும். ஆவி கண்ணை எரிக்கும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அந்த அறையில் வேண்டாம். ஆணி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம் தேவையில்லை. முதல் முறை திருப்பும்போது 'டக்' என்று விடும், பிறகு இறுக்கமாகவும் சீராகவும் திரும்பும். பசை செய்வது துளையின் சிதைந்த சுவரைக் கெட்டிப்படுத்துவதுதான். பழைய பியானோக்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். வாரண்டிப் பேச்சு முடிந்த புதுப் பியானோவுக்கும் சரி. ஆனால் படலங்கள் பிரிந்த பலகையை இது காப்பாற்றாது.

தடித்த ஆணி போடுவது முறையான, செலவு கூடிய வழி. தந்தியைக் கழற்றி, பழைய ஆணியை எடுத்து, துளையைச் சுத்தம் செய்து, ஓர் அளவு பெரியதை அடிப்பார்கள். சில ஆணிகளுக்கு இது நல்ல தீர்வு. 220 ஆணிக்கும் என்றால் பல நாள் வேலை, மலிவு பியானோவுக்கு அது கட்டுப்படியாகாது. துளைக்குள் உப்புத்தாள் சுற்றி ஆணியைத் திரும்ப அடிப்பது ஓர் அவசரக் கைவைத்தியம், ஒரு கச்சேரி இரவுக்குப் போதும். கிளிசரின் கலந்த திரவங்களை ஊற்றும் பழைய பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மரம் அப்போதைக்கு ஊதிப் பிடிக்கும், ஆனால் எண்ணெய்ப் பசபசப்பு ஏறிய துளையில் பின்னால் நல்ல பசைகூட ஒட்டாது. வீட்டில் இருக்கும் எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

பின்பிளாக்கையே மாற்றுவது கடைசி வழி. எல்லாத் தந்திகளையும் இறக்கி, இரும்புச் சட்டத்தைத் தூக்கி, புதுப் பலகை பொருத்தித் துளையிட வேண்டும். மதிப்புள்ள கிராண்டுகளுக்குச் செய்கிறார்கள். மலிவான அப்ரைட்டுக்கு இந்தச் செலவு பியானோவின் விலையையே தாண்டிவிடும்.

உராய்வை நம்பாமல் இருக்க முடியாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் மேசன் அண்ட் ஹாம்லின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆணிக்குப் பதிலாகத் திருகால் தந்தியை இழுக்கும் அமைப்பைத் தன் பியானோக்களில் பொருத்திப் பார்த்தது. சுருதி நன்றாகவே நின்றது. ஆனாலும் சில பத்தாண்டுகளில் கைவிட்டு அவர்களும் பழைய ஆணிக்கே திரும்பினார்கள். இன்றும் உலகில் கிட்டத்தட்ட எல்லாப் பியானோவும் மரம் எஃகைப் பிடிக்கும் பிடியில்தான் நிற்கிறது.

இன்னும் வாங்காதவர்களுக்கு: கடைக்கு ட்யூனர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். பத்துப் பன்னிரண்டு ஆணிகளை அவர் சுருதி சேர்க்கும் சாவி வைத்து உணர்ந்து பார்க்கட்டும். நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பியானோவில் ஆணிகள் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். சில மட்டும் ஆழமாக இறங்கியிருந்தாலோ, தலை தடித்திருந்தாலோ, அடியில் பசைக்கறை தெரிந்தாலோ தொழிற்சாலையிலேயே ஒட்டுப்போட்ட பியானோ அது. ட்யூனரை அழைத்துவரக் கூடாது என்று சொல்லும் கடையில் பியானோ வாங்காதீர்கள்.